எச். குடும்பத்தின் ஐந்து மரணங்கள்: ஓர் ஆய்வுக் கட்டுரை கேட்காமல் விட்ட கேள்வி

'பீடியாட்ரிக்ஸ்' என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமியின் இதழ். 1972இல் அதில் வெளிவந்த ஒரு கட்டுரை, திடீர்ச் சிசு மரணம் (நலமாகத் தெரிந்த பச்சிளம் குழந்தை காரணம் தெரியாமல் திடீரென இறப்பது) பற்றிய ஆராய்ச்சியை அடுத்த இருபது ஆண்டுகளுக்குத் தன் பின்னால் இழுத்துச் சென்றது. எழுதியவர் ஆல்ஃபிரட் ஸ்டைன்ஷ்னைடர். நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸ் நகரில் பணியாற்றிய குழந்தை மருத்துவர். கட்டுரை ஐந்தே ஐந்து குழந்தைகளைப் பற்றியது. அவர்களில் எம்.எச்., என்.எச். என்று முதலெழுத்துகளால் குறிப்பிடப்பட்ட இருவர் உடன்பிறந்தவர்கள். அக்காள் 1970இலும் தம்பி 1971இலும் இறந்தார்கள். இரண்டு பேருக்கும் மூன்று மாதம் நிறைந்திருக்கவில்லை. இவர்களுக்கு முன்பே அதே பெற்றோருக்குப் பிறந்த மூன்று குழந்தைகள் திடீரென இறந்திருந்தார்கள். அதையும் கட்டுரை வெளிப்படையாகவே சொல்கிறது.

ஸ்டைன்ஷ்னைடரின் வாதம் இதுதான்: தூக்கத்தில் மூச்சு நீண்ட நேரம் நின்றுபோவது, திடீர்ச் சிசு மரணத்தில் போய் முடிகிற உடலியல் பாதையின் ஒரு பகுதி. அந்தக் கோளாறு உள்ள குழந்தைகளை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். கண்டுபிடித்தால் காப்பாற்றலாம். காரணமே தெரியாமல் குழந்தைகளைப் பறிகொடுத்த பெற்றோருக்கும், பதில் சொல்ல முடியாமல் நின்ற மருத்துவர்களுக்கும் இதைவிட ஆறுதலான செய்தி இருந்திருக்க முடியாது. ஒரே வீட்டில் ஐந்து குழந்தைகள் என்றால் இது குடும்பத்தில் தொடரும் நோயாக இருக்க வேண்டும் என்ற எண்ணமும் கூடவே வேரூன்றியது.

1994 மார்ச்சில் அந்தக் குழந்தைகளின் தாய் வனீட்டா ஹாய்ட், ஐந்து பேரையும் தானே மூச்சடைத்துக் கொன்றதாகக் காவல்துறையிடம் ஒப்புக்கொண்டார். அழுகையைத் தாங்க முடியவில்லை என்பதே அவர் சொன்ன காரணம்.

இதைக் கொலைக் கதையாகச் சொன்னவர்கள் நிறைய. எனக்கு அந்தக் கட்டுரையின் மீதுதான் கவனம். தன் கையில் இருந்த தகவலை வைத்தே எழுப்பியிருக்க வேண்டிய ஒரு கேள்வியை மருத்துவ ஆராய்ச்சி எப்படி எழுப்பாமல் போனது?

அந்தக் காலத்து மருத்துவர்களுக்குக் குழந்தைகள் மீதான வன்முறை தெரியாத விஷயம் அல்ல. 1946இலேயே நியூயார்க்கின் கதிரியக்க மருத்துவர் ஜான் கேஃபி, மூளையைச் சுற்றி இரத்தக்கட்டு இருந்த ஆறு குழந்தைகளின் கை, கால் எலும்புகளில் 23 முறிவுகளைக் கண்டு எழுதியிருந்தார். எப்படி முறிந்தன என்பதற்கு எந்த வீட்டிலிருந்தும் சரியான பதில் வரவில்லை. காயம்தான் காரணம் என்று எழுதிய கேஃபி, யார் கை பட்டது என்று எழுதத் தயங்கினார். 1962இல் டென்வரின் ஹென்றி கெம்ப்பும் அவருடைய சகாக்களும் 'அடிபட்ட குழந்தை நோய்க்குறி' என்ற பெயரோடு அந்தத் தயக்கத்தை உடைத்தார்கள். 71 மருத்துவமனைகளிலிருந்து ஓராண்டில் 302 குழந்தைகளின் விவரம் திரட்டப்பட்டிருந்தது. அவர்களில் 33 பேர் இறந்துபோயிருந்தார்கள், 85 பேருக்கு மூளையில் நிரந்தரப் பாதிப்பு. 1967க்குள் அமெரிக்க மாநிலங்கள் அனைத்தும், சந்தேகம் எழுந்தால் மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் இயற்றிவிட்டன.

ஆனால் கெம்ப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது முறிந்த எலும்பையும் கன்றிப்போன தோலையும். தலையணையை முகத்தில் மெல்ல அழுத்தி மூச்சடைத்தால் எலும்பு முறியாது, எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாது. பச்சிளம் குழந்தையின் உடலில் அப்படிப்பட்ட மூச்சடைப்பையும் திடீர்ச் சிசு மரணத்தையும் பிரேதப் பரிசோதனையால் மட்டும் வேறுபடுத்திக் காட்ட முடியாது. இன்றும் முடியாது.

1969இல் சியாட்டிலில் கூடிய நிபுணர்கள் திடீர்ச் சிசு மரணத்துக்கு வகுத்த வரையறையும் இந்த ஓட்டையைத் திறந்தே வைத்தது. முந்தைய உடல்நிலையை வைத்து எதிர்பார்க்க முடியாத மரணம், முழுமையான பிரேதப் பரிசோதனையிலும் காரணம் தெரியாத மரணம் என்பதே வரையறை. குழந்தை இறந்த இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அது கேட்கவில்லை. மறுபக்கத்தில், குழந்தையை இழந்த பெற்றோரைக் காவல்துறை குற்றவாளிகளைப்போல நடத்திய கொடுமைகள் நடந்துகொண்டிருந்தன. அதை எதிர்த்துப் பெற்றோர் அமைப்புகள் போராடின, 1974இல் அதற்கெனத் தனிச் சட்டமே வந்தது. அப்படிப்பட்ட சூழலில் ஒரு தாயைச் சந்தேகிப்பதை மருத்துவர்கள் அநாகரிகமாகவே கருதியிருப்பார்கள். அந்தப் பெற்றோரின் போராட்டம் நியாயமானது என்பதால்தான் இது சிக்கலாகிறது.

இனி, கட்டுரையின் உள்ளே.

எம்.எச்., என்.எச். இருவருமே தங்கள் குறுகிய ஆயுளின் பெரும்பகுதியை மருத்துவமனையில் கழித்தவர்கள். மூச்சு நின்று உடல் நீலம் பாரித்தது என்று சொல்லி வீட்டிலிருந்து கொண்டுவருவார்கள். ஆய்வகத்தில் குழந்தை தூங்கும்போது கருவிகள் மூச்சைப் பதிவு செய்யும். இரண்டு விநாடி நீளும் நிறுத்தம்கூடக் கணக்கில் எடுக்கப்பட்டது. பச்சிளம் குழந்தைகளின் மூச்சு இயல்பாகவே விட்டுவிட்டுத்தான் ஓடும் என்பதால், இப்படி எண்ணத் தொடங்கினால் நிறுத்தங்களுக்குப் பஞ்சமே இருக்காது. பட்டியல்கள் நிரம்பின, விகிதங்கள் கணக்கிடப்பட்டன, வரைபடங்கள் உருவாயின. உயிருக்கு ஆபத்தான நிகழ்வுகளை நேரில் பார்த்தவர் யார் என்பதற்கு மட்டும் அந்தப் பட்டியல்களில் இடம் இல்லை.

பார்த்தவர் ஒரே ஒருவர், தாய். இரவும் பகலும் குழந்தைகளைக் கவனித்த செவிலியர்கள், தாங்கள் பெரிய ஆபத்து எதையும் பார்க்கவில்லை என்று பின்னர் நீதிமன்றத்தில் சொன்னார்கள். தாய் குழந்தையிடம் ஒட்டுதல் காட்டவில்லை என்றும், வீட்டுக்கு அனுப்பத் தங்களுக்குப் பயமாக இருந்தது என்றும் சொன்னார்கள். எம்.எச். 1970 ஜூன் 4 அன்று வீட்டுக்கு அனுப்பப்பட்டது, மறுநாள் இறந்தது. அடுத்த ஆண்டு என்.எச்.சும் வீடு திரும்பிய மறுநாளே, ஜூலை 28 அன்று இறந்தது. நோய் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்வரை காத்திருந்து தாக்குமா என்று ஒரு மாணவன்கூடக் கேட்டிருக்கலாம்.

முன்பு இறந்த மூவரில் ஒரு சிறுவனுக்கு வயது 28 மாதம். திடீர்ச் சிசு மரணம் பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள், ஏறக்குறைய எப்போதும் ஓராண்டுக்குள் நிகழ்வது. இரண்டே கால் வயதைத் தாண்டி, ஓடி விளையாடும் பிள்ளையை அந்தச் சட்டத்துக்குள் அடைக்க முடியாது. அவனும் அவனுடைய கைக்குழந்தைத் தங்கையும் 1968 செப்டம்பரில் மூன்று வார இடைவெளியில் இறந்தார்கள் என்பது ஒன்றே எவரையும் நிறுத்தி யோசிக்க வைத்திருக்க வேண்டும்.

ஒருவர் யோசித்தார். மினசோட்டாவின் மருத்துவர் ஜான் ஹிக் 1973இல் அதே இதழுக்குக் கடிதம் எழுதினார். குழந்தைகளின் மரணத்தில் தாயின் பங்கைச் சுட்டும் சூழ்நிலைச் சான்றுகள் இருக்க, கட்டுரை அதைப் பரிசீலிக்கவே இல்லையே என்பது அவருடைய கேள்வி. இதழும் அதை அச்சிட்டது. அதோடு சரி. அறிவியல் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் என்று நாம் பெருமையாகச் சொல்வதுண்டு. திருத்தம் அச்சில் ஏறி இருபத்தோர் ஆண்டுகள் தூங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எழுப்பியவர் டல்லாஸைச் சேர்ந்த தடயவியல் மருத்துவர் லிண்டா நார்ட்டன். 1986 வாக்கில், தன் குழந்தைகளைக் கொன்ற ஒரு தந்தையின் வழக்குக்காக அவருடைய உதவியை நாடிய சிராக்யூஸ் அரசு வழக்கறிஞர் வில்லியம் ஃபிட்ஸ்பேட்ரிக்கிடம், உங்கள் ஊரிலேயே ஒரு தொடர் கொலையாளி இருக்கக்கூடும் என்று சொல்லி 1972 கட்டுரையைப் படிக்கச் சொன்னார். ஃபிட்ஸ்பேட்ரிக் 1992இல் மாவட்டத் தலைமை வழக்கறிஞராக வந்த பிறகு வேலை சூடுபிடித்தது. முதலெழுத்தையும் இறந்த தேதிகளையும் வைத்துக் குடும்பத்தைத் தேடிப் பிடித்தார்கள். மரணங்கள் டியோகா மாவட்டத்தில் நடந்தவை என்பதால் வழக்கு அங்கே போனது.

ஹாய்ட் பிறகு தன் வாக்குமூலத்தை மறுத்தார். காவல்துறையின் நெருக்கடியில் சொன்னதாக வாதிட்டார். ஜூரி அதை ஏற்கவில்லை. 1995 ஏப்ரலில் குற்றவாளி என்ற தீர்ப்பும், செப்டம்பரில் குறைந்தது 75 ஆண்டுகள் என்ற தண்டனையும் வந்தன. 1998இல் கணையப் புற்றுநோயால் சிறையில் இறந்தார். மேல்முறையீடு விசாரிக்கப்படும் முன்பே இறந்துவிட்டதால், நியூயார்க் சட்டப்படி அந்தத் தீர்ப்பும் இல்லாமல் போனது.

கட்டுரைக்கு என்ன ஆனது? அது ஒரு தொழிலையே பெற்றெடுத்திருந்தது. மூச்சு நின்றால் அலறும் மானிட்டர் கருவிகள் ஆயிரக்கணக்கான வீடுகளின் தொட்டில்களோடு பிணைக்கப்பட்டன. கம்பி நழுவினாலும் அலறும், குழந்தை புரண்டாலும் அலறும். இரவெல்லாம் பெற்றோருக்குத் தூக்கம் இல்லை. 1986இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் மாநாடு, ஆரோக்கியமான குழந்தைகள் எல்லோருக்கும் இது தேவையில்லை என்றது. 2001இல் வெளிவந்த பெரிய ஆய்வு 1,079 குழந்தைகளை வீட்டிலேயே கண்காணித்தது. மானிட்டரை அலறவைக்கும் அளவுக்கான நிகழ்வுகள், எந்தக் குறையும் இல்லாத நிறைமாதக் குழந்தைகளிலேயே நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோருக்கு வந்தன. திடீர்ச் சிசு மரணத்தைத் தடுக்க மானிட்டரைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று 2003இல் அகாதெமி சொல்லிவிட்டது.

மரணங்களை உண்மையில் குறைத்தது செலவே இல்லாத ஒரு யோசனை: குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். குப்புறப் படுக்க வைப்பது ஆபத்து என்பது நியூசிலாந்து, பிரிட்டன், டாஸ்மானியா ஆய்வுகளில் தெளிவானது. அமெரிக்கா 1992இல் இதைப் பரிந்துரைத்து, 1994இல் பிரசாரமாக்கியது. 1992இலிருந்து பத்தாண்டுக்குள் இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. மானிட்டர் ஆராய்ச்சிக்குப் போன பணமும் நேரமும் பத்தாண்டு முன்பே இந்தப் பக்கம் திரும்பியிருந்தால் என்ற கேள்வி எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. எச். குடும்பத்துக் கட்டுரை பிழைக்கவிட்ட ஒரு கொலையாளியைவிட, அது தாமதப்படுத்திய அறிவு அதிக உயிர்களைக் குடித்திருக்கலாம்.

1997இல் 'பீடியாட்ரிக்ஸ்' ஆசிரியர் ஜெரால்ட் லூசி, இந்தக் கட்டுரையை வெளியிட்டிருக்கவே கூடாது என்று எழுதினார். 1972இல் அவர் ஆசிரியர் அல்லர் என்றாலும் இதழின் சார்பில் எழுதியது நேர்மைதான். ஆனால் கூடவே, சிசு மரணம் குடும்பத்தில் தொடர்வதில்லை, கொலைதான் தொடர்கிறது என்ற பொருளில் ஒரு வரியையும் சேர்த்தார். ஒரு குடும்பத்தை வைத்து உலகத்துக்கே விதி எழுதிய பழைய தவறுதான் இது, திசை மட்டும் மாறியிருந்தது.

அந்தத் திசை மாற்றத்துக்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. அதே 1997இல் பிரிட்டனின் டேவிட் சவுத்ஹாலும் குழுவினரும் அதே இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். திரும்பத் திரும்ப மூச்சு நின்றுபோவதாகக் கொண்டுவரப்பட்டு, சந்தேகத்துக்கு இடமளித்த 39 குழந்தைகளின் மருத்துவமனை அறைகளில் மறைவாகக் கேமரா வைத்தார்கள். 33 பேர் விஷயத்தில் வன்முறை பதிவானது. 30 குழந்தைகளின் மூச்சை அடைக்க முயன்றதே காட்சியாகப் பதிவாகியிருந்தது. இந்த முறை சரியா என்று பெரும் சண்டை எழுந்தது. பெற்றோருக்குத் தெரியாமல் படம் பிடிப்பது ஒரு பக்கம், குழந்தையை ஆபத்தில் வைத்துக் காத்திருப்பது இன்னொரு பக்கம். ஆனாலும் அந்தப் படங்களைப் பார்த்த பிறகு, தாய் அப்படிச் செய்யமாட்டாள் என்று எவரும் வாதிட முடியவில்லை. 1999இல் ஃபிலடெல்ஃபியாவின் மரி நோ, 1949 முதல் 1968 வரை இறந்த தன் எட்டுக் குழந்தைகளைக் கொன்றதாக ஒப்புக்கொண்டார். ஒரு காலத்தில் பத்திரிகை அவரைத் துரதிர்ஷ்டசாலித் தாயாக அனுதாபத்தோடு எழுதியிருந்தது.

அதே 1999 நவம்பரில் இங்கிலாந்தின் செஸ்டர் நீதிமன்றத்தில் சாலி கிளார்க் என்ற வழக்கறிஞர், தன் இரண்டு ஆண் குழந்தைகளைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டார். முக்கியச் சாட்சிகளில் ஒருவர் பேராசிரியர் ராய் மெடோ. கவனத்துக்காகப் பிள்ளைகளை நோயாளியாக்கும் தாய்மார்களைப் பற்றி 1977இல் 'லான்செட்' இதழில் எழுதி, வன்முறையின் ஒரு முகத்தை மருத்துவ உலகுக்குக் காட்டியவர் அவர்தான். ஒரு மரணம் சோகம், இரண்டு சந்தேகம், மூன்று என்றால் கொலை என்ற வாய்பாடு அவர் பெயராலேயே வழங்கியது. கிளார்க் குடும்பத்தைப் போன்ற, புகைபிடிக்காத, வருமானம் உள்ள, தாய்க்கு 26 வயதைத் தாண்டிய வீட்டில் திடீர்ச் சிசு மரணம் 8,543க்கு ஒன்று என்று ஓர் ஆய்வில் இருந்தது. அதை அதனாலேயே பெருக்கி, இரண்டு மரணம் நிகழ வாய்ப்பு ஏறக்குறைய 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று என்று ஜூரியிடம் சொன்னார் மெடோ.

கணக்கு இரண்டு இடத்தில் சறுக்கியது. ஒரே பெற்றோர், ஒரே வீடு, ஒரே மரபணு என்று இருக்கும்போது இரண்டு மரணங்களைத் தொடர்பற்ற நிகழ்வுகளாகப் பெருக்கக் கூடாது. அப்படியே பெருக்கினாலும், ஒரு தாய் இரண்டு குழந்தைகளைக் கொல்வதும் மிக மிக அரிது; இரண்டு அரியவற்றில் எது அதிகம் அரியது என்று ஒப்பிடாமல் ஒன்றை மட்டும் சொன்னால் ஜூரியின் தலை சுற்றத்தான் செய்யும். 2001இல் ராயல் புள்ளியியல் சங்கம் வெளிப்படையாகக் கண்டித்தது. 2003 ஜனவரியில் தண்டனை ரத்தானது. அதற்கு முதன்மைக் காரணம், இரண்டாவது குழந்தையின் உடலில் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி இருந்த சோதனை முடிவை நோயியல் மருத்துவர் வெளியிடாமல் வைத்திருந்தது. கிளார்க் மீளவே இல்லை, 2007இல் இறந்தார்.

இந்த இரண்டு கோஷங்களுக்கும் நடுவே உண்மை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுமையாகத் தேடிய ஆய்வு ஒன்று உண்டு. ஒரு குழந்தையை இழந்த பிரிட்டிஷ் குடும்பங்களில் அடுத்துப் பிறந்த 6,373 குழந்தைகளைப் பின்தொடர்ந்து, 2005இல் 'லான்செட்' இதழில் ராபர்ட் கார்ப்பென்டர் குழுவினர் முடிவை வெளியிட்டார்கள். எதிர்பாராத இரண்டாவது மரணம் 46 குடும்பங்களில் நிகழ்ந்தது. அதில் 40 இயற்கையானவை, 6 பெரும்பாலும் கொலையாக இருக்கலாம் என்று வகைப்படுத்தினார்கள். அந்த வகைப்பாட்டின் மீதும் விமர்சனம் வந்தது. எப்படி வகைப்படுத்தினாலும், லூசியின் வரிக்கும் மெடோவின் வாய்பாட்டுக்கும் இந்த எண்கள் இடம் கொடுக்கவில்லை. வெகுளித்தனத்துக்கும் இடம் கொடுக்கவில்லை.

நடைமுறை மெல்ல மாறியது. அமெரிக்காவில் 1991இல் வெளியான புதிய வரையறை, மரணம் நிகழ்ந்த இடத்தின் ஆய்வையும் மருத்துவ வரலாற்றையும் கட்டாயமாக்கியது. பிரிட்டனில் 2004இல் ஹெலினா கென்னடி தலைமையிலான குழு, காவல்துறையினரும் குழந்தை மருத்துவரும் சேர்ந்தே விரைவில் அந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று பரிந்துரைத்தது. காவலர் தனியாகப் போனால் குற்றவாளியைத் தேடுவார், மருத்துவர் தனியாகப் போனால் நோயைத் தேடுவார்.

சிராக்யூஸ் செவிலியர்களுக்குக் காது கொடுத்திருந்தால் என்.எச். பிழைத்திருக்கும் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் ஆஸ்திரேலியாவின் கேத்லீன் ஃபோல்பிக் வழக்கைப் படித்த பிறகு அந்த நினைப்பில் முன்பிருந்த நிம்மதி இல்லை. 1989க்கும் 1999க்கும் இடையே அவருடைய நான்கு குழந்தைகள் இறந்தார்கள். குழந்தைகள் மூச்சற்றுக் கிடப்பதைக் கண்டவர் அங்கேயும் தாய்தான். அங்கேயும் தாயின் மனநிலைதான் சாட்சியானது. செவிலியர் குறிப்புக்குப் பதில் அவருடைய சொந்த நாட்குறிப்பில் இருந்த குற்றவுணர்வு வரிகள். 2003இல் தண்டித்தார்கள். இருபது ஆண்டுகள் சிறையில் இருந்தார். இரண்டு மகள்களுக்கும் தாய்க்கும் இதயத் துடிப்பைத் தடம்புரளச் செய்யக்கூடிய 'கால்ம்2' மரபணு மாற்றம் இருப்பதைக் கரோலா வினுவேசா உள்ளிட்ட ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். 2019 விசாரணை அதை ஏற்க மறுத்தது. 2021இல் தொண்ணூறு விஞ்ஞானிகளும் மருத்துவர்களும் மன்னிப்புக் கோரி மனு கொடுத்தார்கள். 2023 ஜூனில் விடுதலை, டிசம்பரில் தண்டனை ரத்து.

மூச்சு நின்றபோது அருகில் யார் இருந்தார்கள் என்ற கேள்வியை 1972இல் கேட்டிருந்தால் சரியான வழியில் கொண்டுபோய் விட்டிருக்கும். 2003இல் சிட்னியில் அதே கேள்விக்கு அதே பதில் கிடைத்தது, அதை வைத்து நிரபராதி ஒருவரை உள்ளே தள்ளினார்கள். மருத்துவ வரலாற்றை எடுக்கும் மருத்துவர் அந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும், பதிலை எழுதியும் வைக்க வேண்டும். அதற்குப் பிறகு நச்சுப் பரிசோதனை, வளர்சிதை மாற்றப் பரிசோதனை, கிருமி வளர்ப்பு, எலும்புகளின் முழு எக்ஸ்ரே, மரபணு என்று இருக்கிற வேலை அத்தனையும் மிச்சம் இருக்கிறது.